முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே

1.

இந்தக் கதை முடிவெட்டும்போது கிடைத்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் இதற்கு இல்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றி மேஜைவிரிப்பைக் கட்டி, நான்தான் முடி வெட்டிவிடுவேன். வெட்டிக்கொண்டே பேசுவதில் ஒரு வசதி உண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. போன வருடம் செப்டம்பரில், இடது காதோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்:

"உங்கம்மா முழங்கால் தரையில படலை."

"எப்பப்பா?"

"முப்பத்தி மூணுல."

நான் கத்தரிக்கோலை நிறுத்தினேன். அப்பா நிறுத்தவில்லை. "ரெண்டு விரல் இடைவெளி இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் விசில் ஊதினேன். உங்கம்மாகிட்ட சொல்லிராத."

நவம்பரில் அப்பா போய்விட்டார். சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை. [சப்பைக்கட்டுதான். எனக்கும் தெரியும். மேலே போவோம்.]

2.

முதல் வரி என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. டுபியூக் நகரத்துப் பத்திரிகையில் செவ்வாய்க்கிழமை சமையல் குறிப்பும் மற்ற நாளில் மரண அறிவிப்பும் எழுதுகிறவள் நான். இரண்டுக்கும் முதல் வரி தானாக வந்துவிடும். கதை அப்படியில்லை.

முதல் முயற்சி: "1933ஆம் ஆண்டுக் கோடையில், மிசிசிப்பி நதிக்கரைக் கொட்டகையில், ஆயிரம் கால்கள் ஓயாமல்—"

எங்கிருந்து வந்தது ஆயிரம்? மொத்தம் நாற்பத்தாறு ஜோடி. நூற்று எண்பத்து நாலு கால்கள் என்று எழுதினால் மாட்டுச்சந்தை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "காதல் என்பது தூக்கம் இல்லாத ஒரு—"

சீ.

மூன்றாவது: "என் அம்மா கோயிலில் முழந்தாள்படியிடமாட்டாள்."

இது நிற்கும், ஏனென்றால் இது உண்மை. பூசையில் மணி அடித்ததும் மாதா கோயிலே முழந்தாளில் இறங்கும், அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் தரை துடைப்பதும் நின்றபடி, நீளக் கழி வைத்த துடைப்பத்தால்தான். பொத்தான் உருண்டு கட்டிலுக்கடியில் போனால் "ஐவா!" என்று என்னைக் கூப்பிடுவாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "ஒரு தடவை பட்டுச்சு, போதும்."

பட்ட கதை ஊருக்கே தெரியும். மாரத்தான் நடனப் போட்டியில் கடைசி இரண்டு ஜோடிகளில் ஒன்றாக நின்றவள் அம்மா. முழங்கால் தரையில் பட்டது, போட்டி போயிற்று. தன்னோடு ஆடிய கூட்டாளி ஆரினின் பிழைப்பையும் கெடுத்துவிட்டதாக முப்பத்தேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விசில் ஊதிய நடுவர் லாம்பெர்ட். பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். என் அப்பா.

இப்போது என் சங்கடம் புரிகிறதா? அப்பா சொன்னதைச் சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கும், அப்பாவின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அவர் பெயர் பிழைக்கும், அம்மா சாகும்வரை உட்கார்ந்தே ஜெபிப்பாள். இவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் ஆட்டம்.

3.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். [பொறுமை இல்லாதவர்கள் நாலாவதற்குப் போகலாம். நானே முதலில் இதை எழுதாமல்தான் தாண்டினேன்.]

ஆரம்பம் வெறும் விளையாட்டு. 1923இல் நியூயார்க்கில் ஒரு பெண் இருபத்தேழு மணி நேரம் விடாமல் ஆடினாள். ஈடுகொடுக்க முடியாமல் ஆறு ஆண்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. ஷூவின் அடித்தோல் ஓட்டையாகிவிட்டது. அவ்வளவுதான், நாட்டுக்கே பித்துப் பிடித்துக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் அந்த இருபத்தேழை உடைத்தார்கள், உடைத்ததையும் உடைத்தார்கள். கொடிக்கம்பத்தின் உச்சியில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. வயிறு நிரம்பினவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் தோன்றும்.

பிறகு வயிறு காலியான வருடங்கள் வந்தன. போட்டி நிற்கவில்லை, நீண்டது. மணிக்கணக்கு நாள்கணக்காகி, நாள்கணக்கு மாதக்கணக்காகியது. ஆடியவர்கள் யார்? தொழிற்சாலை மூடப்பட்டவர்கள். பார்க்க வந்தவர்கள் யார்? அடுத்து தன் தொழிற்சாலை மூடுமோ என்று பயந்தவர்கள். தன்னைவிடக் களைத்தவனை உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். கேவலமான ஆறுதல் என்று எழுதி, கேவலத்தை அடித்தேன். பின்னல் ஊசியோடு தினமும் வந்த திருமதி பெக்கர், அம்மாவுக்கு ஆறு ஜோடி காலுறை பின்னிக் கொடுத்தவள். அவளை எப்படிக் கேவலம் என்பது?

ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் சட்டம் போட்டு இதைத் தடுத்தன. நல்லதுதான். ஆனால் சட்டம் போட்டவர்கள் யாரும் ஏழு வேளை சாப்பாடு போடவில்லை என்பாள் அம்மா.*

* ஆமாம், ஆடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு வேளை. மார்பளவு உயர மேஜையில், நின்றபடி, காலை அசைத்துக்கொண்டே. அம்மா இன்றைக்கும் அடுப்படியில் நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டேதான் நிற்பாள்.

4.

விதிகள் இவை. நாற்பத்தைந்து நிமிடம் ஆட்டம். சைரன் அடிக்கும். பதினைந்து நிமிடம் கட்டிலில் தூக்கம். சைரன் அடிக்கும். இரவும் பகலும் இதேதான். ஆட்டம் என்பது பேருக்கு, கால் அசைந்தால் போதும். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கலாம், சாய்ந்தவரை மற்றவர் சுமக்க வேண்டும். முழங்கால் தரையில் பட்டால் ஜோடி வெளியே. நடுவர் விசில் தப்பு என்று நினைத்தால், அடுத்த சைரனுக்குள் கையைத் தூக்க வேண்டும். சைரன் அடித்தபின் தூக்குகிற கைக்கு மதிப்பில்லை.

அந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அசட்டையாக எழுதிவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டேன்.

லியோட்டாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. [அம்மா என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் லியோட்டா.] பண்ணையில் கோழிகளோடு வளர்ந்தவள், நகரத்துக்கு வந்து பொத்தான் தொழிற்சாலையில் சேர்ந்தாள், அது மூடியது. கொட்டகை வாசலில் தனியாக நின்றவளையும் தனியாக நின்ற ஆரினையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். ஆரின் வேலையிழந்த ரொட்டிக்காரன், ஆறடி உயரம். கலிஃபோர்னியாவில் அவன் அண்ணன் ஆரஞ்சுத் தோப்பில் பங்கு தருகிறேன் என்று எழுதியிருந்தான். ஜெயித்தால் பரிசுப் பணத்தில் அந்தப் பங்கு. அதுதான் அவன் கனவு. அவர்களுக்குள் காதல் உண்டா? வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "காதலா? அவன் குறட்டையை அம்பது நாள் காதுக்குள்ள கேட்டேன்டி" என்பாள் அம்மா.

5.

நடுவர்தான் எனக்குச் சரியாக வரவில்லை.

லாம்பெர்ட்டுக்கு முப்பது வயது. கையில் நீளமான மர ஸ்கேல், வாயில் விசில். கால் அசையாதவர்களின் கெண்டைக்காலில் ஸ்கேலால் தட்டுவது அவர் வேலை. எனக்குத் தெரிந்த அப்பாவோ எறும்பைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். அந்தக் கையில் ஸ்கேலைக் கொடுத்தால் கீழே போட்டுவிடுகிறது. நாலு முறை கொடுத்துப் பார்த்தேன்.

சிறுவயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அப்பா உன்னை அடிச்சாராம்மா?"

"தட்டுனாரு. மொதல் சந்திப்பே அதுதான். 'கால், பொண்ணே, கால்'ன்னாரு. 'உங்க தாத்தாவோட கால்'ன்னேன். ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு அவருக்கு, விசில் வாயிலேருந்து விழுந்துருச்சு."

சரி, அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்கிறேன். ஸ்கேல் அதன் பின்னால் வரட்டும்.

6.

ஐம்பத்திரண்டாம் நாள், ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தகரக் கூரைக்கு அடியில் வேகிற வெயில். மிஞ்சியது இரண்டே ஜோடி. திருமதி பெக்கர் ஏழாவது ஜோடிக் காலுறையின் குதிகாலில் இருந்தாள்.

அப்பா சொன்னபடியே எழுதுகிறேன். அவர் கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டபடியே நான் கேட்டது இது.

ஆரின் தூங்கிவிட்டான். ஆறடியும் லியோட்டாவின் இடது தோளில். அவளுடைய வலது கை காற்றில் எதையோ பொறுக்கத் தொடங்கியது. பொறுக்கி, பொறுக்கி, இல்லாத முந்தானையில்— [முந்தானை என்று எழுதியது என் கை. ஏப்ரன். ஏப்ரனில்.] சேர்த்துக்கொண்டாள். தூக்கமில்லாதவர்களுக்கு இப்படி ஆகும். கொட்டகைக்காரர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். ஒலிபெருக்கிக்காரன் பிடித்துக்கொண்டான்: "பாருங்கம்மா பாருங்க, நம்ம லியோட்டா கோழிக்கூண்டுக்குள்ள புகுந்துட்டா! முட்டை டஜன் என்ன விலைன்னு கேளுங்க!" கொட்டகை சிரித்தது. திருமதி பெக்கர் சிரிக்கவில்லை.

லாம்பெர்ட் ஸ்கேலோடு கிட்டே போனார். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வெறும் கையை நீட்டினாள்.

"இந்தாங்க. பாத்து, சூடு ஆறலை."

லாம்பெர்ட் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்த முட்டையை வாங்கினார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா வாங்கினீங்க?" என்றேன்.

"பின்ன, குடுக்கறப்போ வாங்காம இருப்பாங்களா?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் இருக்கும். ஆரினின் கனம் இறங்கியது. அவள் வலது முழங்கால் மடங்கி, இறங்கி, தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றது. நின்றது என்பதை அப்பா இரண்டு முறை சொன்னார். தூக்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும், ஐம்பது நாளாகப் பார்க்கிறார். தூக்கினால் இன்னொரு வாரம் ஆடுவாள். இன்னொரு வாரத்தில் செத்துப்போவாள் என்று அவருக்குத் தோன்றியது. ஊதினார்.

ஆரின் விழித்து, "என்னாச்சு?" என்றான்.

"என் முழங்கால்" என்றாள் லியோட்டா.

"விடு, லியோட்டா. கால்னா மடங்கத்தான் செய்யும்" என்றான் அவன். மறுநாள் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு மேற்கே போனான். தோப்பில் பங்கு கிடைக்கவில்லை, பழம் பறிக்கிற வேலைதான் கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புகிறான். நல்ல மனுஷன். ஆரஞ்சு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அப்பா தொடமாட்டார்.

அம்மாவின் காலோ பூசணிக்காயாக வீங்கியிருந்தது, ஷூவுக்குள் போகவில்லை. திருமதி பெக்கர் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அன்றே வேலையை விட்ட லாம்பெர்ட், ஷூ நுழைகிறதா என்று பார்க்கத் தினமும் வந்தார். "நாலாம் நாள் நுழைஞ்சிருச்சு. அதைப் பாத்து உங்கப்பா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டாரு" என்பாள் அம்மா.

7.

முடிவுகள்.

முடிவு ஒன்று: மகள் சொல்கிறாள். அம்மா அழுகிறாள். அடுத்த ஞாயிறு முழந்தாள்படியிடுகிறாள். [சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது. மிதமான சூட்டில் இருபது நிமிடம்.]

முடிவு இரண்டு: மகள் சொல்கிறாள். அம்மா அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, அதை—

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு மூன்று: மகள் சொல்லவில்லை. காகிதங்களைக் கிழித்துப் போடுகிறாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறது.

மூன்றாவதுதான் யோக்கியமான முடிவு. மூன்று வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, போன புதன்கிழமை, இதுவரை நீங்கள் படித்த பக்கங்களை அம்மாவின் சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன். கோழை என்றால் கோழைதான்.

8.

சாயங்காலம் போனபோது அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், நின்றபடி, கால் மாற்றி மாற்றி. பக்கங்கள் மேஜையில் அடுக்கியிருந்தன. ஓரத்தில் பென்சில் குறிப்பு.

"அம்பத்திரண்டாம் நாள் இல்லடி, அம்பத்தி மூணு. மொதல் நாளை நடுவருங்க கணக்குல சேக்கமாட்டாங்க. ஆடுனவங்க சேப்போம்."

"சரிம்மா. மத்தது?"

"மத்தது என்ன? திருமதி பெக்கர் பின்னது காலுறை இல்ல, கணுக்கால் பட்டை."

"அம்மா. முழங்கால்."

அவள் கத்தியை வைத்தாள். "அது என் முழங்கால்டி, ஐவா. பட்டுச்சா படலையான்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தேன்.

"உனக்கு அப்ப சுய நினைவே இல்லைன்னு அப்பா—"

"இல்லைதான். முட்டை குடுத்தது எனக்கு ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் ஒண்ணு பாத்தேன். ஒரு ஆம்பளை, கக்கத்துல ஸ்கேல், வாயில விசில், ஒரு கையால சட்டைப்பைய இப்படிப் பொத்திக்கிட்டு, அடிமேல அடி வச்சு நடக்கறாரு. உள்ள ஏதோ உடைஞ்சிரும்கிற மாதிரி. 'ஐயோ பாவம், இவருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சே'ன்னு நெனச்சேன். நெனச்சதும் எனக்குத் தெளிஞ்சிருச்சு."

"அப்ப விசில் ஊதறப்போ—"

"தெளிவாத்தான் இருந்தேன்."

விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அப்பறம் ஏம்மா கையைத் தூக்கலை? அடுத்த சைரனுக்கு நேரம் இருந்திருக்குமே?"

"பதினோரு நிமிஷம்." அம்மா ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள், சீவாமல் வைத்திருந்தாள். "எதிர்லயே கடிகாரம். பதினோரு நிமிஷமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்குத் தூங்கணும்போல இருந்துச்சு, ஐவா. வேற ஒண்ணும் இல்ல. ஆரின் என்னை நம்பித் தூங்கினவன். தூக்கியிருக்கணும். தூக்கலை."

"அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்றது? படலைன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா அவரு செஞ்சதைக் குத்திக்காட்டுன மாதிரி ஆயிரும். அவரும் கேப்பாருல்ல, நீ ஏன் கையைத் தூக்கலைன்னு. முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். அவரு ஒரு ஆரஞ்சு தின்னு பாத்திருக்கியா நீ? வயிறாம், வயிறு. ஊர்ல விக்கற ஊறுகாயையெல்லாம் தின்ன வயிறு."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அம்மா தோலும் கிழங்கும் ஒட்டிய கையாலேயே என் தலையைத் தடவினாள்.

"அப்ப கோயில்ல ஏம்மா?"

"கல்யாணம் ஆகி மொத ஞாயிறு. மணி அடிச்சுது. எல்லாரையும் மாதிரி நானும் முழங்காலை மடக்கினேன். பக்கத்துல உங்கப்பாவைப் பாத்தேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. கை நேரா சட்டைப்பைக்குப் போச்சு. என் முழங்கால் கீழ போறதை அவரால பாக்க முடியலை. அப்படியே உக்காந்துட்டேன். சாமி கோவிச்சுக்காது, இவரு தாங்கமாட்டாருன்னு."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. அம்மா எழுந்து— இல்லை, அவள் எங்கே உட்கார்ந்தாள் எழுவதற்கு. நின்றபடியே கையை நீட்டி அடுப்பைக் குறைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவரோட வருஷப் பூசை," என்றாள். "அன்னிக்கு நான் என்ன பண்றேன்னு எழுதிராத. எனக்கே தெரியாது."

9.

எழுதவில்லை அம்மா. நடந்ததில் பாதிதான் எழுதுகிறேன்.

நவம்பர் குளிர். கோயிலில் இரண்டாவது வரிசை. என் பக்கத்தில் அம்மா, அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா எப்போதும் உட்காருகிற இடம். பங்குச் சாமியார் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தார், கொஞ்சம் தப்பாக உச்சரித்தார். மணி அடித்தது. எல்லோரும் இறங்கினோம். முழந்தாள் பலகை கிரீச்சிட்டது.

அம்மா முன்வரிசைப் பலகையைப் பிடித்தாள். அப்பாவின் இடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் வலது முழங்கால் மடங்கத் தொடங்கியது. ஐம்பத்தெட்டு வயது முழங்கால், மெதுவாகத்தான் இறங்கும். ஒரு சாண். அரைச் சாண். பலகைக்கு இரண்டு விரல்.

அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடுவர் பெற்ற பிள்ளைதான், ஆனாலும் இந்தத் தீர்ப்பு எனக்கு வேண்டாம். அம்மாவுக்காகப் பட்டது என்று எழுத ஆசை, அப்பாவுக்காகப் படவில்லை என்று எழுத ஆசை. இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

என் கை எப்போதோ கோட்டுப் பையின் மேல் போயிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிப் பொத்திக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை.

இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், குடுக்கிறபோது வாங்காமல் இருப்பார்களா? அடுத்த மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இந்தாருங்கள். பார்த்து, சூடு ஆறவில்லை.